கேப்டன் கௌளிக்குக் கை ஒட்டவில்லை

ஆகஸ்ட் 7, புதன், பகல் 12.30

காலை 9.10க்கு கேப்டன் கௌளி போன் செய்தார். அப்போதுதான் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, அண்ணன் தம்பி இருவரின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை விரித்திருந்தேன். பத்திர எழுத்தன் பிழைப்பில் சிரிப்பு என்று ஒன்று வந்தால் அது சோலைராஜிடமிருந்துதான் வர வேண்டும்.

இன்றைக்குப் பயல் புதுக் குரல் பிடித்திருந்தான். நாக்கு தடித்து, வார்த்தை வாய்க்குள்ளேயே வழுக்கி விழுகிற குரல். "ர... ரத்... கை... கை... வா..." அப்புறம் ட்ச், ட்ச் என்று இரண்டு சத்தம். சுவரிலிருந்து நழுவிக்கொண்டிருக்கும் பல்லி போன் பேசினால் இப்படித்தான் பேசும்.

இந்த நோட்டை என்னைத் தவிர எவன் படிக்கப் போகிறான்? இருந்தாலும் பத்திரம் எழுதிய கை, விவரம் சொல்லாமல் ஓடாது. கேப்டன் கௌளி என்பவர் நாங்கள் போடும் படக்கதையில் வரும் ஒரு பல்லி. பதிவு ஆபீஸ் காலண்டருக்குப் பின்னால் குடியிருப்பு. காலண்டர் அட்டையில் போட்டிருக்கும் பல்லி விழும் பலன்தான் அவருடைய ஆயுதம். அயோக்கியன் எவனாவது வந்தால் மேலிருந்து விழுவார். எந்த இடத்தில் விழுகிறாரோ அந்தப் பலன் அந்த நிமிஷமே நடக்கும். தலையில் விழுந்தால் கலகம், முதுகில் விழுந்தால் நஷ்டம். சங்கடம் என்னவென்றால் கேப்டனுக்குக் குறி வராது. தலைக்குக் குறி வைத்துத் தோளில் விழுவார். தோள் என்றால் வெற்றி. அயோக்கியன் எம்.எல்.ஏ. ஆகிவிடுவான். "கை ஒட்டல, கை ஒட்டல!" என்று கத்திக்கொண்டே விழுவது கேப்டன் வழக்கம். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்கள் அல்லவா, அதனால் ஒவ்வொரு இதழும் அவர் பானைக்குள் விழுவதோடு முடியும். வில்லனே அந்தப் பானைதான், பெயர் பானையார். படம் சோலைராஜ், தனியார் பள்ளியில் ஓவிய வாத்தியார். வசனம் ரத்தினம், அதாவது அடியேன். பத்து இதழ் வந்தாயிற்று. இதழுக்கு முந்நூறு பிரதி, அதில் பாதி என் கட்டிலுக்கு அடியில்.

போனுக்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. ஒருவன் கேப்டன் குரலில் கூப்பிட்டால் மற்றவன் பானையார் குரலில்தான் பேச வேண்டும். முதலில் சொந்தக் குரலுக்கு வருபவன் தோற்றான். பதினோரு வருஷத்தில் நான் தோற்றது நாற்பத்தாறு தடவை. இன்று தோற்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கீழ நான்தான் இருக்கேன் கேப்டன், கையை விட்டுட்டு நிம்மதியா விழுங்க" என்றேன். அவன் மறுபடியும் "கை... வா..." என்று இழுத்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று போனை வைத்துவிட்டேன்.

நல்ல வசனம். கடைசிப் பக்கத்துக்கு ஆகும் என்று குறித்து வைக்கிறேன்.

அதே நாள், சாயங்காலம்

சோலைக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

தமயந்தி ரேஷன் கடையில் பில் போடுகிறவள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது, புருஷன் அடுப்படி வாசலில் ஒருக்களித்துக் கிடந்திருக்கிறான். கையில் போன். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இல்லை.

டாக்டர், "கடைசியா எப்பம்மா நல்லா இருந்தாரு?" என்று கேட்டார்.

"காலையில ஒம்பது மணிக்கு நான் கெளம்பறப்ப நல்லாத்தான் இருந்தாருங்க சார். தோசை சுட்டுக் குடுத்தாரு."

"நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம். கூட யாருமே இல்லையா?"

"யாரும் இல்லைங்க சார்."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஆகஸ்ட் 8

போனேன். வந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கண் முழித்துப் பார்க்கிறான், ஆளை அடையாளம் தெரிகிறது. நாம் சொல்வது அவனுக்குப் புரியுமாம். சொல்ல நினைப்பதும் மண்டைக்குள் இருக்குமாம். அது வார்த்தையாகி வாய்க்கு வருகிற பாதைதான் அடைபட்டுவிட்டது என்றார் டாக்டர். திரும்ப வருமா என்று கேட்டேன். "சில பேருக்கு வரும்" என்றார். சில பேருக்கு என்றால் எத்தனை பேருக்கு என்று கேட்க வாய் வரவில்லை.

அவனுக்கு இப்போது வருவது ஒரே சத்தம்தான். ட்ச். தண்ணீர் வேண்டுமா என்றால் ட்ச். வேண்டாம் என்றாலும் ட்ச். நர்சம்மா சிரித்துக்கொண்டே, "என்ன சார், பல்லி மாதிரி சகுனம் சொல்றாரு" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆரஞ்சு வாங்கப் போகிறேன் என்று வெளியே வந்து, வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

அண்ணன் தம்பிக்கு இன்னும் பாகம் முடியவில்லை. எல்லைக் கோடு சரியாக வேப்பமரத்தின் நடுவில் போகிறது. அண்ணன் வேர் எனக்கு என்கிறான், தம்பி நிழல் எனக்கு என்கிறான். நிழல் காலையில் ஒரு பக்கமும் சாயங்காலம் ஒரு பக்கமும் விழுமே, அதை எந்த சர்வே எண்ணில் எழுதுவது? ரெண்டு பேரையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

பேனாவில் மை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் தமயந்தி சோலையின் போனை நீட்டினாள். "அண்ணே, பானைன்னு போட்டிருக்கே, அது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"ஒம்பது பத்துக்குப் பேசியிருக்காரு. ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. அப்ப நல்லாப் பேசுனாராண்ணே?"

"நல்லாத்தான் பேசினான். எத்தன பக்கம் முடிஞ்சிருக்குன்னு சொன்னான்."

"அப்ப அதுக்கு மேலதான் வந்திருக்கு" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம் "உங்ககூடயாச்சும் கடைசியாச் சிரிச்சுப் பேசியிருக்காரே" என்றாள்.

மை வாங்கிவிட்டேன். நீலம் இல்லை என்றான், கறுப்பு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். ஜன்னலோரம் கட்டில். அவன் வரைகிற மேஜை அப்படியே இருக்கிறது. மேலே பதினோராம் இதழின் இருபத்து நான்கு பக்கங்களும் அடுக்கி, காற்றில் பறக்காமல் இருக்க அம்மிக்குழவி வைத்திருந்தான். படம் முழுக்க மை போட்டு முடித்திருக்கிறான். பேச்சு எழுதுகிற பலூன்கள் மட்டும் காலி.

எங்கள் வேலை அப்படித்தான். கதை என்ன என்று அவன் சொல்லவே மாட்டான். படத்தையும் வெறும் பலூனையும் போட்டுக் கையில் கொடுத்துவிடுவான். அதைப் பார்த்து நான்தான் பேச்சை நிரப்ப வேண்டும். சில நேரம் அவன் அழுகைக் காட்சி என்று வரைந்ததை நான் சிரிப்பாக்கிவிடுவேன். "அடப்பாவி, கெடுத்துட்டியேடா" என்று அடிக்க வருவான். அப்புறம் படித்துவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரிப்பான்.

தமயந்தி, "புத்தகத் திருவிழாவுக்கு இதைக் கொண்டாந்துறணும்னு சொல்லிட்டே இருந்தாரு. நீங்க முடிச்சுக் குடுங்கண்ணே. அதப் பாத்தாவது அவருக்கு ஒரு தெம்பு வரும்" என்றாள். பக்கங்களை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். எனக்கும் காப்பி கொடுத்தாள். சர்க்கரை தூக்கலாக, எனக்குப் பிடித்த மாதிரி.

ஆகஸ்ட் 22, வியாழன்

இருபத்து நான்கு பக்கமும் ஒரே ஒரு விழுதல். முதல் பக்கத்தில் கேப்டனுக்கு உத்தரத்தில் கால் நழுவுகிறது. அங்கிருந்து விழுந்துகொண்டே இருக்கிறார். ஒட்டடை, மின்விசிறி, ட்யூப்லைட், காலண்டர், ஃபைல் அடுக்கு, குமாஸ்தாவின் வழுக்கை, எல்லாம் கடந்து போகின்றன. கீழே இருப்பவர்கள் அவரைப் பிடிக்கக் கை நீட்டவில்லை. ஆளாளுக்குத் தலையை மூடிக்கொண்டு, காலண்டரைத் திருப்பிப் பலன் பார்க்கிறார்கள். கடைசிப் பக்கம், கடைசிக் கட்டத்தில் பானை மட்டும். கேப்டனைக் காணோம். பானையின் வாய்க்கு மேலே ஒரு காலிப் பலூன்.

விழுவதைத் தவிர வேறு கதை கிடைக்கவில்லையா இந்த விளங்காத பயலுக்கு!

ஆகஸ்ட் 27

பதினோரு பக்கம் முடித்தேன். குமாஸ்தா பேச்சு நன்றாக வந்திருக்கிறது: "என் மேல விழுறதுன்னா மனு எழுதிக் குடுத்துட்டு விழுங்க." கொண்டுபோய்ச் சோலைக்குப் படித்துக் காட்டினேன். வாயின் இடது பாதி சிரித்தது. வலது பாதி சும்மா இருந்தது. அதைத் துடைத்துவிட்டாள் தமயந்தி.

செப்டம்பர் 1, ஞாயிறு

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் இருமுறை வருகிறது. சின்ன வயசு, பொறுமை அதிகம். அட்டையில் பசு படம் காட்டி "ப... ப..." என்கிறது. இவன் வியர்த்து வழிய முக்கி, ட்ச் என்கிறான். மாவட்ட அளவில் பரிசு வாங்கிய ஓவியனுக்கு, கால் ஐந்து போட்ட மாதிரி தெரிகிற ஒரு பசுவைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து அவனுக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரிந்தது. அட்டையை இடது கையால் தட்டிவிட்டான்.

அந்தப் பெண் என்னிடம், "நீங்க அவருக்கு ரொம்ப நெருக்கம்னு மேடம் சொன்னாங்க. ரெண்டு பேரும் வழக்கமா எப்படிப் பேசிப்பீங்களோ அதே மாதிரி பேசுங்க சார். பழகின பேச்சுதான் சில சமயம் கதவத் தெறக்கும்" என்றது.

"ஆமாண்ணே, அந்தப் பானைக் குரல்ல பேசுங்களேன்" என்றாள் தமயந்தி.

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 4

பாகப்பிரிவினை பதிவாகிவிட்டது. வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி

எல்லாம் முடிந்தது, கடைசிப் பலூன் தவிர. அச்சகத்தில் திங்கட்கிழமைக்குள் கேட்கிறார்கள். இன்று மூன்று வசனம் எழுதிக்கொண்டு போனேன். "இந்தத் தடவை தண்ணி மாத்தியிருக்காங்க போல." தள்ளிவிட்டான். "பானையாரே, வாடகை எவ்வளவு?" தள்ளிவிட்டான். "சுபம்." அதைக் கசக்கியே போட்டுவிட்டான்.

பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தமயந்தி, "என்னண்ணே கேக்குறாரு?" என்றாள். எனக்குப் புரியலம்மா என்றேன். வழியில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் போட மறந்திருக்கிறேன். காளவாசல் பங்க் வரை தள்ளிக்கொண்டே போனேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இதைப் பத்திரம் மாதிரி எழுதிவிடுகிறேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

காலை பதினொரு மணி. இடம், சோலைராஜ் வீட்டு ஜன்னலோரக் கட்டில். இன்னும் நான்கு வசனம் கொண்டு போயிருந்தேன். அவன் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. தலையணைக்கு அடியில் இடது கையை விட்டு, தன் போனை எடுத்தான். கடைசிப் பக்கத்தின் காலிப் பலூன் மேல் அதை வைத்தான். வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே எனக்குப் புரிந்ததுதான். ஆஸ்பத்திரியிலேயே புரிந்ததுதான். பெரிய சத்தியவான் மாதிரி இந்த நோட்டிலேயே நான் ஒளித்து வைத்திருந்தேன்.

பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. எழுதியதைக் கையெழுத்துப் போடுகிறவருக்கு வரி விடாமல் படித்துக் காட்ட வேண்டும். அவர் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்து. ஆகஸ்ட் ஏழாம் தேதிப் பகலில் எழுதியதை முதல் வரியிலிருந்து படித்தேன். புதுக் குரல் பிடித்திருந்தான் என்பதைப் படித்தேன். இன்று தோற்கவில்லை என்பதைப் படித்தேன். "கையை விட்டுட்டு நிம்மதியா விழுங்க" என்ற இடத்தில் நிறுத்தினேன். அவன் இடது கை என் முழங்காலைத் தட்டியது, படி என்று. படித்து முடித்தேன்.

"டேய், நான் வெளையாட்டுன்னு நெனச்சேன்டா. நீ கூப்பிட்டடா. நான்... நீ விழுந்துக்கிட்டு இருக்கடா, நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்டா" என்றேன். நாற்பத்தொன்பது வயசுக்காரன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவனுக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா, சொல்லத் தெரியவில்லை. அவன் முகத்தில் பாதி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. மீதிப் பாதியை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போனை எடுத்துவிட்டு விரலால் பலூனைத் தொட்டான்.

கறுப்பு மையில் எழுதினேன். கை... கை... வா...

அவன் குனிந்து பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். அப்புறம், ட்ச், ட்ச்.

ஒரு பேச்சு நடக்கும்போது பல்லி சத்தம் போட்டால் அது சத்தியம் என்று தரையை விரலால் தட்டுவது எங்கள் அம்மா காலத்துப் பழக்கம். என்னை அறியாமல் என் விரல் மேஜையைத் தட்டியது.

வாசல் நிலையில் தமயந்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு டம்ளர் காப்பி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை, ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

"அப்ப மணி ஒம்பது பத்து" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் அப்பத்தான் பஸ்ஸே ஏறுறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கி ஓடி வந்திருப்பேன்." கட்டிலருகே வந்தாள். "நல்லாத்தான் பேசுனாருன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் கேட்டேன்ல உங்களைய."

"கேட்ட."

டம்ளர் இரண்டையும் ஜன்னல் திட்டில் வைத்தாள். சோலையின் கழுத்தடியில் துண்டைச் சரிசெய்தாள். "நேரமாச்சு, நீங்க கெளம்புங்க" என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

செப்டம்பர் 9

பக்கங்களை அச்சகத்தில் கொடுத்தேன். அந்தப் பையன், "கடைசில என்ன சார், ஜோக்கே இல்ல?" என்றான். இல்லப்பா என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

புத்தகத் திருவிழாவில் கேப்டன் கௌளி பதினொன்று. அறுபத்திரண்டு பிரதி போனது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, "அப்புறம் யாராவது வந்தாங்களா அங்கிள்?" என்று கேட்டது. அதன் அம்மா கூப்பிட்டுவிட்டாள். நல்லவேளை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் திறந்து "வாங்க" என்றாள் தமயந்தி. முன்பெல்லாம் "வாங்கண்ணே" என்பாள். காப்பி கொடுத்தாள், சர்க்கரை அளவாக இருந்தது. கேட்டு வாங்க எனக்கு இப்போது என்ன உரிமை?

சோலை இதழை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பக்கம் பக்கமாகப் புரட்டினான். பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னதாம், இனி வந்தாலும் ஒன்றிரண்டு வார்த்தைதான் வரும், நிறைய எதிர்பார்க்க வேண்டாம் என்று. அதைத் தமயந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

செப்டம்பர் 19, வியாழன்

கடை திறந்து ஊதுபத்தி கொளுத்தினேன். போன் அடித்தது. சோலைராஜ் நம்பர். எடுத்தேன்.

ட்ச். ட்ச். அப்புறம் மூச்சு. அப்புறம் ட்ச்.

"டேய் சோலை! என்னடா? என்னடா பண்ணுது? நான் வரேன்டா, வச்சிராத, வந்துட்டேன்டா!" என்று கத்தினேன். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார். பத்திரம் மேஜை மேலேயே கிடக்க, கடையைக்கூடச் சாத்தாமல் வண்டியை எடுத்தேன். சிக்னல் ஒன்றில் நிற்கவில்லை. போலீஸ்காரர் விசில் அடித்தார். அடிக்கட்டும்.

கதவு திறந்திருந்தது. சோலை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. இடது கையில் போன். என்னைப் பார்த்ததும் முகத்தின் பாதி சிரித்தது, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. அவனே பானை நம்பரைத் தேடி, ஒற்றைக் கையால் அழுத்தியிருக்கிறான்.

"எரும! உசுரே போயிருச்சுடா எனக்கு!" என்றேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் இடது கையின் நான்கு விரலைக் காட்டினான். கையை மூடித் திறந்து, ஐந்து விரலைக் காட்டினான். மறுபடி மூடி, இரண்டு விரல். சொந்தக் குரலுக்கு முதலில் வந்தது நான்தான். நாற்பத்தேழாவது தடவையாகத் தோற்றுவிட்டேன்.

தமயந்தி உள்ளேயிருந்து வந்தாள். "வேணாம்னு சொன்னேன், கேக்கல" என்றாள். சொம்பை நீட்டினாள். "தண்ணி குடிங்க."

குடித்தேன். அண்ணே என்று வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

பத்திர எழுத்தனுக்கு எதையும் நேரம் போட்டு எழுதித்தான் பழக்கம். போன் வந்தது 9.12. அவன் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியது 9.31.

பத்தொன்பது நிமிஷம்.